செப்டம்பர் 11 மீட்புப் பணியாளர்கள்: மனதில் விழுந்த அடி, உடலில் நோயாவது எப்படி?

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோது, அந்நகரத் தீயணைப்புத் துறை ஒரே நாளில் 343 பேரைப் பறிகொடுத்தது. 22 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில் இன்னொரு கணக்கும் அதே எண்ணைத் தொட்டது. அந்த இடிபாடுகளில் வேலை பார்த்ததால் வந்த நோய்களுக்குப் பின்னாளில் பலியான தீயணைப்பு வீரர்களும் 343 பேர்!

அவர்களை நோயில் தள்ளியது எது? முதல் குற்றவாளி தூசி. சிமென்ட் தூள், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்த காரத்தன்மை மிகுந்த தூசி அது. இடிபாடுகளுக்குள் டிசம்பர் வரை நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. துப்புரவுப் பணி முடிய 2002 மே மாதம் ஆனது. போலீஸார், தீயணைப்பு வீரர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எனப் பல்லாயிரம் பேர் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். தீராத இருமல், ஆஸ்துமா, சைனஸ், நெஞ்செரிச்சல், புற்றுநோய் என்று பட்டியல் நீண்டது.

தூசி மட்டும்தான் காரணமா?

அங்கே அவர்கள் சுவாசித்தது தூசியை மட்டுமல்ல. சக ஊழியர்களின் உடல் பாகங்களைத் தேடி எடுத்தவர்கள் பலர். பல ஆண்டுகள் கழித்தும் கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை, எரிச்சல் என்று தவித்தார்கள். இதை 'பி.டி.எஸ்.டி' என்கிறார்கள் மருத்துவர்கள். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் இது.

ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் லுஃப்ட் குழுவினர், 20,000-க்கும் மேற்பட்ட பணியாளர்களின் விவரங்களை ஆராய்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூச்சுத் தொல்லைக்கும் பி.டி.எஸ்.டி-க்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை அது காட்டியது. 2018-ல் வெளியான வேறோர் ஆய்வு, 6,000-க்கும் மேற்பட்ட பணியாளர்களின் இதயத்தைக் கவனித்தது. பி.டி.எஸ்.டி இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து, மற்றவர்களைவிட 2 மடங்குக்கும் மேல் இருந்தது.

மனதில் நடப்பது நுரையீரலுக்கும் இதயத்துக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது? அங்கேதான் 'எபிஜெனிடிக்ஸ்' வருகிறது.

ஒயரிங் அதேதான்... ரெகுலேட்டர் மாறுகிறது!

நம் மரபணுக்களை வீட்டு ஒயரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிறக்கும்போதே போட்டது. ஆனால் எந்த விளக்கு எரிய வேண்டும், எந்த மின்விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை சுவிட்சும் ரெகுலேட்டரும் முடிவு செய்கின்றன. அதுபோல, டி.என்.ஏ-வின் மேல் 'மெத்தில்' என்ற சிறிய வேதிக்கூறு ஒட்டும்போதோ விலகும்போதோ, ஒரு மரபணு வேலை செய்யும் அளவு கூடலாம், குறையலாம். மரபணு அப்படியேதான் இருக்கும். புகை, உணவு, மன அழுத்தம் எல்லாம் இந்த ரெகுலேட்டரைத் திருகக்கூடியவை.

ஆபத்து வந்தால் உடலில் கார்டிசால் ஹார்மோன் சுரக்கிறது. ஆபத்து நீங்கியதும் அது அடங்க வேண்டும். அழற்சியைக் கட்டுக்குள் வைப்பதும் கார்டிசாலின் வேலைதான். மனக்காயம் ஆறாதவர்களுக்கு இந்த ஏற்பாடே தடம் மாறுகிறது. அழற்சி மெல்லிய தணலாக உடலுக்குள் நீடித்தால், ஏற்கெனவே தூசியால் புண்பட்ட மூச்சுக்குழாயும் ரத்தக்குழாயும் ஆறுவது கடினம்.

இந்தத் தடத்தை ரத்தத்தில் தேடியது 2017-ல் வெளியான ஸ்டோனி புரூக் ஆய்வு ஒன்று. சுமார் 470 பணியாளர்களின் டி.என்.ஏ-வைப் பார்த்தார்கள். 'இதுதான் பி.டி.எஸ்.டி-யின் அடையாளம்' என்று சொல்லும்படி ஒற்றை இடம் எதுவும் அகப்படவில்லை. ஆனால் மரபணுக்களைக் கூட்டமாகப் பார்த்தபோது, அழற்சி நோய்களோடும் நரம்புகளின் தகவல் தொடர்போடும் சம்பந்தப்பட்டவற்றில் மாற்றங்கள் தெரிந்தன.

இதை வைத்து 'நிரூபணமாகிவிட்டது' என்று சொல்ல முடியாது. தூசியும் சிகரெட்டும்கூட இதே வேதிக்கூறுகளை மாற்றும். நோய் முதலா, மாற்றம் முதலா என்பதும் இன்னும் பிரித்தறியப்பட வேண்டும். மனதும் உடலும் தனித்தனி அல்ல என்பது மட்டும் உறுதியாகிக்கொண்டே வருகிறது.

சட்டம் போட்ட கோடு

இது ஆய்வகத்தோடு முடிகிற விஷயமல்ல. அமெரிக்க அரசின் சிகிச்சைத் திட்டம், இந்தப் பணியாளர்களின் பி.டி.எஸ்.டி-க்கும் ஆஸ்துமாவுக்கும் சேர்த்தே சிகிச்சை தருகிறது. 2015-ல் அது 2090 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் இழப்பீட்டு நிதியில் உடல் நோய்க்கு மட்டும்தான் பணம். மனநோய் மட்டும் இருந்தால் கிடையாது. உடல் வேறு, மனம் வேறு என்று சட்டம் போட்ட கோட்டை, ரத்தப் பரிசோதனைகள் மெல்ல அழித்துக்கொண்டிருக்கின்றன.

விதி அல்ல!

ஆறுதலான செய்தியும் உண்டு. ரெகுலேட்டரைத் திருப்பியும் வைக்கலாம். ரேச்சல் யெஹுதா என்ற ஆராய்ச்சியாளர், போர் வீரர்கள் சிலரிடம் சிறிய ஆய்வொன்றை நடத்தினார். மனநல சிகிச்சையில் தேறியவர்களுக்கு, கார்டிசாலோடு தொடர்புடைய 'எஃப்.கே.பி.பி.5' என்ற மரபணுவில் இருந்த மெத்தில் குறிகளும் மாறியிருந்தன.

தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ், பேரிடர் மீட்புப் படை என உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். பெரிய விபத்துக்குப் போய் வந்த பின் மாதக்கணக்கில் தூக்கம் கெடுகிறதா, சிடுசிடுக்கிறாரா, யாரோடும் ஒட்டாமல் இருக்கிறாரா? கூடவே இருமலோ நெஞ்சுவலியோ இருக்கிறதா? நெஞ்சுவலி என்றால் தாமதிக்காமல் முதலில் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எந்த டாக்டரைப் பார்த்தாலும் அந்தச் சம்பவத்தையும் தூக்கமின்மையையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒதுக்காதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.