முதல் மருந்து சொல்லும் சேதி

பதுளை மாவட்டத்தின் நமுனுகுலப் பக்கமோ லுணுகலைப் பக்கமோ ஒரு தேயிலைத் தோட்டக் கங்காணிக்குக் குரல் கம்மிப் போனால் யாரும் பதறுவதில்லை. நாளெல்லாம் மலையில் சத்தம் போடுகிற தொண்டை, பனி, பீடி. கொத்தமல்லி அவித்துக் குடித்தால் போச்சு. ஆனால் மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியாவிட்டால் தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இந்த எல்லையைத் தாண்டி மாதக்கணக்கில் இழுத்தடித்து, புற்று முற்றி வருகிறவர்களுக்குத்தான் அந்தப் பெரிய கேள்வி காத்திருக்கிறது: குரல்வளையை எடுப்பதா, வைப்பதா?

1873இல் வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் புற்று பிடித்த குரல்வளையை முழுதாக அகற்றினார். அதன்பின் ஏறக்குறைய நூறு வருடம், நோய் முற்றினால் வெட்டு, கழுத்தில் மூச்சுவிட ஒரு துளை என்பதே வழி. 1991இல் வெளிவந்த அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு இதை அசைத்தது. 332 நோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான அறுவை. மறுபாதிக்கு முதலில் சிஸ்பிளாட்டின், ஃபுளோரோயூராசில் என்ற புற்று மருந்துகள் இரண்டு சுற்று. கட்டி சுருங்கினால் கதிர்ச்சிகிச்சை, சுருங்காவிட்டால் அறுவை. இரு பிரிவிலும் இரண்டு வருடம் உயிரோடிருந்தவர்கள் 68 வீதம். மருந்துப் பிரிவில் 64 வீதத்தினருக்குக் குரல்வளையும் தப்பியது.

அந்த ஆய்வின் பெரிய பேறு இந்த எண்கள் அல்ல என்பேன். எந்தக் கட்டி கதிருக்கு மசியும் என்பதை, முதல் மருந்துக்கு அது காட்டும் பணிவே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இந்த முதல் மருந்தை ஒரே சுற்றாகக் குறைத்தனர். 97 பேரில் முக்கால்வாசிக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அவர்கள் கதிருக்குப் போனார்கள், மற்றவர்கள் நேரே அறுவைக்கு. மூன்று வருடத்தில் மொத்தம் 85 வீதத்தினர் உயிரோடிருந்தனர். கதிர் பட்டு இறுகிய கழுத்தைப் பிறகு அறுத்தால் புண் லேசில் ஆறாது. ஆகவே தோற்கப்போகிற கட்டியை முன்பே அடையாளம் காண்பது பெரிய உபகாரம்.

வேறு தடயங்களும் உண்டு. கட்டி குருத்தெலும்பை உடைத்து வெளியேறியிருந்தால் நம்பிக்கை குறைவு. 1991 ஆய்விலேயே அத்தகைய நான்காம் படிக் கட்டிகளில் 56 வீதம் கடைசியில் கத்திக்கே வந்தன. இரத்தத்தில் அல்புமின் குறைவு, குடி, உடல் தளர்ச்சி ஆகியவற்றையும் கூட்டி மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த கணக்கு அது. சத்துக்குறைவு பழகிப்போன லயத்து உடம்புக்கு அதை அப்படியே பொருத்த எனக்குத் துணிவில்லை. புகை விஷயத்தில் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. 1993இல் வந்த கனடிய ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்ச்சிகிச்சை எடுத்தபடியே புகைத்தவர்களில் 45 வீதத்தினருக்கே கட்டி முற்றாகக் கரைந்தது. மற்றவர்களில் 74 வீதத்தினருக்கு.

குரல்வளை பேசுவதற்கு மட்டுமல்ல, சோறும் தண்ணீரும் நுரையீரலுக்குள் இறங்காமல் காப்பதும் அதுதான். வாய்க்கு வாய் புரையேறி, மூக்குக்குழாயில் கஞ்சி குடிக்கிறவருக்குக் குரல்வளை இருந்தும் பயனில்லை. அதனால் இப்போதைய ஆய்வுகள் 'இருக்கிறதா' என்பதோடு நிற்காமல் 'வேலை செய்கிறதா' என்றும் கேட்கின்றன.

எந்த மதிப்பெண்ணிலும் இல்லாத ஒன்று பதுளையில் உண்டு. கதிர்ச்சிகிச்சை என்றால் வாரம் ஐந்து நாளாக ஏழு வாரம், 35 தடவை. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து போவதே ஒரு நாளை விழுங்கும். மஹரகமை அபேக்ஷா மருத்துவமனை என்றால் இருநூறு கிலோமீற்றருக்கு மேல். நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை. நடுவில் விட்டால் மிஞ்சிய புற்று மீண்டும் தழைக்கும். ஸ்கான் படத்தைப் பார்க்கும் அதே மேசையில், 'ஏழு வாரம் எங்கே தங்குவீங்க, வீட்டுச் செலவுக்கு யார் இருக்காங்க' என்றும் கேட்டாக வேண்டும்.

பதில் சரியில்லை என்றால் அறுவையே நேர்மையான ஆலோசனையாக இருக்கலாம். அதன்பின்னும் பேச வழி உண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சிறு வால்வு பொருத்தும் முறையை சிங்கரும் புளோமும் 1980இல் வெளியிட்டனர். பெங்களூர் மருத்துவர் விஷால் ராவ் குறைந்த விலையில் 'ஓம்' என்ற வால்வைச் செய்திருக்கிறார். வால்வை நாள்தோறும் சுத்தம் பண்ண வேண்டும். கசியத் தொடங்கினால் மாற்றுவதற்கு மறுபடி கிளினிக்குக்குப் போக வேண்டும்.