கொலு நாளில் நாய் எந்த அறையில்?

தீபாவளிக்கு முன்பு மும்பை செம்பூர் ஆர்.சி.எஃப். மைதானத்தில் பட்டாசுகளை வெடித்துச் சத்தத்தை அளந்து பார்க்கும் சோதனை பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரும் ஆவாஸ் ஃபவுண்டேஷன் என்ற தன்னார்வ அமைப்பினரும் மீட்டரோடு நிற்பார்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். மனிதக் காதை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும்.

சத்தத்துக்கு மிரள்வது ஏதோ ஒன்றிரண்டு நாய்களின் சுபாவம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 13,700 வளர்ப்பு நாய்களில் 32 சதவீதம் ஏதாவதொரு சத்தத்துக்கு அஞ்சுபவை என்று தெரிந்தது. அதில் முதலிடம் வாணவெடிக்குத்தான்.

வெடி மட்டும்தான் சிக்கல் என்றால் தீபாவளியோடு கதை முடிந்துவிடும். செம்பூர்த் தமிழ் வீடுகளில் பிள்ளையார் சதுர்த்தியில் தொடங்குகிற வரவு போக்கு நவராத்திரி ஒன்பது நாளும் உச்சத்தில் இருக்கும். சேடா நகர் ஃப்ளாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலில் பாதியைக் கொலுப்படி பிடித்துக்கொண்டிருக்கிறது. காலிங் பெல் ஓயவில்லை. பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை சோபாவுக்கு அடியில் குனிந்து, அங்கே ஒதுங்கியிருக்கும் நாயைக் கட்டிப்பிடிக்கக் கை நீட்டுகிறது. நாய் கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்கிக்கொள்கிறது, முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறது. "தூக்கம் வருது போல, பாவம்" என்கிறார் யாரோ. தூக்கமில்லை. "விலகிப் போ" என்று அது மூன்று முறை சொல்லியாகிவிட்டது. அடுத்தது உறுமல். உறுமியதற்காக நாயை அடிக்கிற வீடுகள் பல. அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

ஆகவே, விருந்தாளிக்கு நாயைப் பழக்குவதைவிட நாய்க்கு ஒரு மூடிய கதவு கொடுப்பதுதான் முதல் வேலை. ஒற்றைப் படுக்கையறை வீட்டிலும் இது முடியும்: அந்த அறைதான் நாய்க்கு. முதல் விருந்தாளி வருவதற்கு முன்பே வெளியே நடக்க விட்டு, சாப்பாடு கொடுத்து, தண்ணீர், அதன் பழைய விரிப்பு, மெல்ல ஒரு எலும்பு பொம்மை எல்லாம் வைத்து உள்ளே விட வேண்டும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓட விட்டால் வெளிச்சத்தம் பாதி அமுங்கும். "நாய் இருக்கிறது, திறக்க வேண்டாம்" என்று கதவில் ஒரு தாள். பால்கனியில் கட்டிப்போடுவது மட்டும் வேண்டாம். சத்தம் அங்கேதான் அதிகம், மிரண்டால் குதிக்கவும் செய்யும். வாசற்கதவு திறந்து மூடும் நாட்களில் நாய் நழுவிவிடுவது சகஜம் என்பதால் கழுத்துப்பட்டையில் ஃபோன் நம்பர் தொங்கட்டும். வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பயந்த நாயைத் தட்டிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது பழைய நம்பிக்கை, ஆதாரமில்லாதது. பெர்ன் நகர ஆய்வாளர் ஒருவர் நாய் வளர்ப்போரிடம் கேட்டபோது, வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்ததில் பலன் கண்டதாக 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். ரொம்பவே நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டு. ஆனால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏசிப்ரோமசின் போன்ற பழைய மயக்க மாத்திரை உடலை மட்டும் கட்டிப்போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கிள்ளிப் போடுவது விஷப்பரீட்சை.

தின்பண்டத்திலும் கவனம் வேண்டும். பாயசத்துத் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாக்லேட், வெங்காய வடை, பாக்கு, கற்பூரம் எதுவும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. தாம்பூலப் பையைத் தரையில் வைக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து தீரும்.

இனி சொசைட்டி. "பண்டிகைக் காலத்தில் நாய் குரைக்கிறது, வெளியேற்றுங்கள்" என்று கமிட்டி நோட்டீஸ் ஒட்டினால் பதற வேண்டியதில்லை. இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் குடியிருப்புச் சங்கம் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது. லிஃப்டை மறுக்கவும் முடியாது. குரைப்பு தடைக்குக் காரணமாகாது, ஆனால் ஓயாத குரைப்பை, முக்கியமாக இரவில், அடக்குவது வளர்ப்பவர் பொறுப்பு. நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். கமிட்டி அடங்கவில்லையென்றால் கூட்டுறவுச் சங்கத் துணைப் பதிவாளரிடம் புகார் செய்யலாம். மாநகராட்சி நாய் லைசென்ஸும் தடுப்பூசி அட்டையும் கையில் இருந்தால் பேச்சுக்கு எடை கூடும்.

உரிமை பேசுகிறவர் 291-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். தன் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ வரக்கூடிய நிலையில் போதிய எச்சரிக்கை எடுக்காமல் விட்டவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் அந்தப் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. குழந்தைதான் முதலில் சீண்டியது என்ற வாதத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கடித்துவிட்டால் மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் அப்பாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அன்றைக்கே மருத்துவமனைக்கு. மாநகராட்சி மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். "நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறது" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதக் கூடாது. அறிகுறி தோன்றிய பிறகு ரேபிஸில் பிழைப்பது அரிதிலும் அரிது. நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருப்பதும் அவசியம்.

வெளிச்சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை பட்டாசு கூடாது. 2023 நவம்பரில் காற்று மாசு வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் மும்பையில் வெடிக்கும் நேரத்தை இரவு 8 முதல் 10 வரை என்றே சுருக்கியது. மீறினால் 112-க்கு அழைக்கலாம். நாய் மீது வெடியைக் கொளுத்திப் போடுபவனுக்கு 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு வடாபாவ் காசு. நாய் ஊனமானாலோ செத்தாலோ நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் ஐந்து ஆண்டு வரை சிறை. காயத்தின் படங்கள், சம்பவ வீடியோ, பரேல் பெட்டிட் விலங்கு மருத்துவமனை போன்ற இடத்தில் வாங்கிய சிகிச்சைச் சீட்டு ஆகியவற்றோடு போனால், போலீஸ் நிலையத்தில் புகாரைத் தட்டிக் கழிப்பது கடினம்.