இலங்கையின் கிழக்குக் கரையில் ஆள்நடமாட்டம் குறைந்த கடற்கரைகள்

இலங்கையின் கிழக்குக் கரை வடக்கே புல்மோட்டையிலிருந்து திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஊடாகத் தெற்கே குமனைக் காடு வரை நீள்கிறது. இக்கரையில் வெளியார் பெரிதும் அறிந்த பெயர்கள் நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை என்ற மூன்றுதான். இவற்றுக்கு இடையே கிலோமீட்டர் கணக்கில் மணற்கரை கிடக்கிறது. அதன் பெரும்பகுதியில் காலையில் மீனவர்களும் மாலையில் ஊர்ப் பிள்ளைகளும் தவிர வேறு எவரையும் காண்பது அரிது.

இந்த அமைதிக்குக் காரணம் நில அமைப்பு மட்டுமன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இக்கரையின் போக்குவரத்தையும் தொழிலையும் முடக்கியது. போர் முடியும் முன்பே, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. இலங்கையில் அதற்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியாயினர். மாவட்டங்களுள் மிகப் பெரிய இழப்பு அம்பாறைக்கு. கரையோரத்தில் இன்றும் காணப்படும் வெற்று அத்திவாரங்கள், இடிந்த கிணற்றுக் கட்டுகள், நினைவுத் தூண்கள் ஆகியவற்றை அறியாமல் ‘கன்னிக் கடற்கரை’ என்று எழுதும் பயண விளம்பரங்கள் பாதி உண்மையையே சொல்கின்றன. சில கரைகளில் ஆள் இல்லாததற்குக் காரணம், அங்கே இருந்த ஆட்கள் இப்போது இல்லை என்பதே.

மற்றொரு காரணம் களப்புகள். கடலுக்குச் சமாந்தரமாக உள்ளே கிடக்கும் நீர்ப்பரப்பைக் கிழக்கு மக்கள் களப்பு என்பர். மட்டக்களப்பு என்ற பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் பெருங்களப்பு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமானது. களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்மேடு மட்டுமே இருக்கும் இடங்களில் பெரிய ஊர்கள் வளரவில்லை. களப்பு கடலோடு சேரும் முகத்துவாரங்களைக் கடக்கப் பல இடங்களில் நெடுங்காலம் இயந்திரப் பாதையே இருந்தது. திருகோணமலைக்குத் தெற்கே கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது.

பருவமும் காற்றும்

இலங்கைக்கு இரண்டு பருவப்பெயர்ச்சிகள். தென்மேல் பருவப்பெயர்ச்சி மே முதல் செப்டெம்பர் வரை. அப்போது கொழும்பு, காலி போன்ற மேற்கு, தெற்குக் கரைகளில் கடல் கொந்தளிக்கும். வடகீழ் பருவப்பெயர்ச்சி டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. அப்போது கிழக்கின் முறை. ஒக்டோபர் இறுதியிலேயே மழை தொடங்கிவிடுவதும், நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவதும் வழக்கம். எனவே கிழக்குக் கரைக்குச் செல்ல ஏற்ற காலம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை.

அந்த மாதங்களில் கடல் ஏன் அடங்கியிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. காற்று மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுகிறது. மட்டக்களப்பில் இதைக் கச்சான் காற்று என்பார்கள். (இலங்கைத் தமிழில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர், கடற்கரையில் இரண்டும் கிடைக்கும்.) மழையைத் தீவின் மறுபக்கத்தில் இறக்கிவிட்டு வருவதால் இது வறண்ட, சூடான காற்று. கரையருகே அலையை அடக்குவதும் இதுவே. காற்றடைத்த மிதவைகளையும் பந்துகளையும் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போவதும் இதுவே. கண்ணாடி போல் கிடக்கும் கடலில் சிறுவர்களை மிதவையில் விடுவது அதனால்தான் ஆபத்தானது. போன மிதவையைப் பிடிக்க நீந்துவது அதைவிட ஆபத்தானது.

இந்த அமைதி கரை முழுவதற்கும் ஒரே மாதிரி இல்லை. பொத்துவிலுக்குத் தெற்கே, இதே மாதங்களில் தென்கடலிலிருந்து நெடுந்தூரம் வரும் அலைகள் முனைகளைச் சுற்றி வளைந்து வருகின்றன. அறுகம்பைக்கு அலைச்சறுக்கு வீரர்கள் வருவது அதற்காகவே. நிலாவெளியில் இடுப்பளவு நீரில் நின்று பழகியவர் மறுநாள் அறுகம்பைக்குத் தெற்கே உள்ள தனிக்கரையில் அதே நம்பிக்கையோடு இறங்கக் கூடாது.

சில கரைகள்

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் விடுதிகளும், எதிரே உள்ள புறாத்தீவுக்குச் செல்லும் படகுகளும் உண்டு. முருகைக்கற்களுக்காகத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இத்தீவில் பருவ நாட்களில் சனநெரிசல் அதிகம். ஆனால் அங்கிருந்து வடக்கே குச்சவெளியை நோக்கிச் செல்லச் செல்லக் கரை வெறிச்சோடுகிறது.

பாசிக்குடாவும் கல்குடாவும் அடுத்தடுத்து உள்ளவை. பாசிக்குடா, ஆழமற்ற நீர் வெகுதூரம் பரந்த வளைகுடா. போருக்குப் பின் அங்கே விடுதிகள் வரிசையாக எழுந்தன. ஒரு முனையைத் தாண்டினால் கல்குடா. நீண்ட கரை, குறைந்த கூட்டம். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் வாழைச்சேனையும் கல்குடாவும் நிலையங்கள் என்பதால், சொந்த வாகனம் இல்லாதவருக்கும் இது எட்டக்கூடிய கரை.

வாழைச்சேனைக்கு வடக்கே காயன்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என்று தொடரும் கரையே கிழக்கில் மிகவும் அமைதியானது என்று சொல்லலாம். தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகத்தினர் வாழும் பகுதி இது. 2006–2007 காலப் போரில் பெருந்துயர் கண்ட இடமும் இதுவே. இங்கு வருவோர் குடிநீரையும் உணவையும் கையோடு கொண்டுவருவது நல்லது.

அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், கோமாரிக் கரைகள் ஆண்டின் பெரும்பகுதி ஆளற்றவை. ஆயினும் திருக்கோவில் முருகன் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் கடலில் நடைபெறுவதால், அன்று அதே மணலில் கால் வைக்க இடமிராது. மேலும் தெற்கே, காட்டின் ஓரத்தில் உள்ள உகந்தைக் கரையும் அப்படியே. கதிர்காமப் பாதயாத்திரை நாட்களில் அங்கே அடியார்கள் கூடுவர். பஞ்சாங்கம் பார்க்காமல் தனிமையைத் தேடிப் போகிறவர் திருவிழாவில் போய் நிற்பார்.

அலை உடையாத இடம்

ஆளற்ற கரையின் முதன்மையான ஆபத்து கடலில் அமைதியாகத் தோன்றும் இடத்திலேயே இருக்கிறது. அலைகள் கரைக்கு அருகிலுள்ள மணல்திட்டின் மேல் உடைந்து நீரைக் கரைப்பக்கம் குவிக்கின்றன. குவிந்த நீர் திட்டில் உள்ள இடைவெளி வழியாக ஒடுங்கிய ஆறு போலக் கடலுக்குத் திரும்புகிறது. இதுவே இழுவை நீரோட்டம். அந்த இடைவெளி ஆழமானதால் அங்கே அலை உடைவதில்லை. இருபுறமும் நுரை பொங்கும்போது நடுவில் நுரையற்ற, சற்றுக் கருமையான அல்லது மணல் கலங்கிய ஒரு பட்டை தெரியும். கடலை அறியாதவர் குளிக்கத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதைத்தான்.

இந்த ஓட்டம் சில வேளைகளில் விநாடிக்கு இரண்டு மீற்றர் வேகத்தை எட்டும். தேர்ந்த நீச்சல்காரராலும் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த முடியாது. ஆனால் பலர் நம்புவது போல் அது ஆளை அடியில் இழுப்பதில்லை. வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவே. உயிர் போவது எதிர்த்து நீந்திக் களைப்பதால். அகப்பட்டவர் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தக்கூடியவர் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகி, அலை உடையும் பகுதி வழியாகக் கரை சேரலாம். கரையில் நிற்பவர் பதற்றத்தில் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. மூடியிட்ட வெற்றுக் கலன், கயிறு, மிதக்கும் எதுவானாலும் எறிந்துவிட்டு, அருகில் படகு வைத்திருப்போரை அழைக்க வேண்டும். உயிர்காப்பாளர் இல்லாத கரைகளில் அந்த மீனவர்களே உயிர்காப்பாளர். நோயாளர் காவுவண்டிக்கு 1990, காவல்துறைக்கு 119 ஆகிய எண்கள் நாடெங்கும் இயங்குகின்றன.

முகத்துவாரங்களில் எந்தப் பருவத்திலும் இறங்காதிருப்பதே நலம். வறண்ட மாதங்களில் மணல் அதன் வாயை அடைத்திருக்கும்; மழையில் உடைந்தோ, வெள்ளத்தை வடிக்க வெட்டப்பட்டோ திறக்கும்போது களப்பு முழுதும் அதன் வழியே பாயும். தெற்கே பாணமைப் பக்கக் களப்புகளில் முதலைகளும் உண்டு.

கரையில் ஏற்கெனவே இருப்பவர்கள்

காலையில் மணலில் நீண்டு கிடக்கும் கயிறு கரைவலையினுடையது. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்து இறக்கி, இரு முனைகளையும் கரையிலிருந்து இழுப்பார்கள். ஒருமுறை இழுத்து முடிக்கச் சில மணிநேரம் ஆகும். முன்பு அம்பாப் பாடலோடு பத்துப் பதினைந்து பேர் இழுத்தார்கள். பின்னர் பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலி இழுக்கத் தொடங்கியது. வலை வளைத்த நீருக்குள் குளிப்பது மீனைக் கலைக்கும். கயிற்றில் கால் சிக்கினால் குளிப்பவருக்கும் ஆபத்து. மீனவர் வாடி ஆளற்றுக் கிடந்தாலும் அது ஒருவருடைய தொழிலிடம். கேட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தால் மறுப்பார் அரிது. பெரும்பாலும் தேநீரும் வரும்.

மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியையும் முள்போன்ற இலைகளுடைய இராவணன் மீசைப் புல்லையும் மிதித்து வாகனம் ஓட்டக் கூடாது. இவற்றின் வேர்களே மணலைப் பிடித்து மேட்டை நிறுத்துகின்றன. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சொல்வது வெறும் உவமை அன்று. மேடு சிதைந்த இடத்தில் அடுத்த பருவத்துக் கடல் உள்ளே வருகிறது.

உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. அவையெல்லாம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வெளிச்சமும் ஆளரவமும் இல்லாத கரையையே ஆமையும் தேடுகிறது. கரையேறும் தாய் ஆமை ஒளியைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளி என்று எண்ணி மின்விளக்கை நோக்கி ஊர்ந்து மடியும். இரவில் அங்கே தங்குவோர் தீ மூட்டுவதையும், கைபேசி விளக்கோடு நீர் ஓரம் நடப்பதையும் தவிர்க்க வேண்டும். மணலில் குழி தோண்டியிருந்தால், கிளம்புமுன் அதை மூடிவிட வேண்டும். விரலளவு குஞ்சுக்கு முழங்கால் ஆழக் குழி ஏற முடியாத கிணறு.