மூச்சை எண்ணிப் பாருங்கள்

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் ராசிபுரம் பக்கத்தில் முதலில் கைக்கு வருவது தைலமும் எண்ணெயும்தான். மூன்று நான்கு நாள் கழித்து "மூச்சு இழுக்குது" என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நிமோனியா முற்றுவது அந்த இடைப்பட்ட நாட்களில்தான்.

அதை வீட்டிலேயே கண்டுகொள்ள ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குக் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டும் போகலாம். தலைமுறைகளாகச் சாலையில்லாமல், நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து இறக்கிய போதமலைக் கீழூர், மேலூர், கெடமலை போன்ற ஊர்களில் இந்த எண்ணிக்கை தெரிந்த ஒரு தாய் பல மணி நேரத்தை மிச்சப்படுத்துவார்.

நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் சேர்வதே நிமோனியா. நியூமோகாக்கஸ், ஹிப் என்ற பாக்டீரியாக்களும் ஃப்ளூ போன்ற வைரஸ்களும் முக்கியக் காரணங்கள். நம் வீட்டுப் பழக்கங்களால் வருவதும் உண்டு. குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுகிறோம். வாயால் ஊதிச் சளி எடுக்கிறோம். உள்ளே போன எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலில் இறங்கித் தங்கிவிடும். அந்த நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் பலன் தராது. உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதில் குற்றமில்லை, மூக்கில் விடுவதை நிறுத்துங்கள் என்று பாட்டிமாரிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்துச் சங்கில் பால் புகட்டுவதும் ஆபத்துதான். விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் குழந்தையின் அருகில் வரக்கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்.

பாக்டீரியாவால் வந்த நிமோனியா ஆரம்பத்திலேயே தெரிந்தால் பல குழந்தைகளுக்கு அமாக்சிசிலின் சிரப்பிலேயே குணமாகும். மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுத்து முடிக்க வேண்டும். அண்ணனுக்கு வாங்கி மிஞ்சிய சிரப்பைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதும் சட்டப்படி குற்றம்.

பெரியவர்களில் முதியோரும் சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். வயதானவருக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பமாகவும் இது வெளிப்படலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது நம் உரிமைகளும் தெரிந்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அவசரச் சிகிச்சை தராமல் தட்டிக்கழிக்கக் கூடாது என்று 1989-ல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தனியார் மருத்துவருக்கும் பொருந்தும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். சந்தேகம் கேட்க 104 என்ற உதவி எண் இருக்கிறது.

நிமோனியாவைத் தடுக்க ஊசிகளும் உண்டு. ஹிப் கிருமிக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் தொடங்கியது. தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவாகும் நியூமோகாக்கல் ஊசியும் 2021 முதல் நம் அரசு மையங்களில் இலவசம்: ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம். முதல் தவணையை ஒரு வயதுக்குள் போட்டுவிட வேண்டும். இன்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்; விடுபட்டிருந்தால் வரும் புதன்கிழமையே கிராம சுகாதார செவிலியரிடம் குழந்தையைக் கொண்டு போங்கள்.