முகம் நம்முடையது, மணிக் கணக்கு யாருடையது?

"தம்பி, மெஷின் என் மூஞ்சிய எடுக்க மாட்டேங்குது. மணி ஏழாகப் போகுது, லேட்டுனு போட்டுரும். கொஞ்சம் பாருங்க."

"ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் கழட்டிட்டு நில்லுங்கண்ணே."

"கழட்டிட்டுத்தானே நிக்கிறேன்!"

அபுதாபி முசஃபாவில் ஒரு சைட்டில் நான் டைம் கீப்பராக இருந்தபோது தினமும் காலையில் கேட்ட பேச்சு இது. பேசியவர் ராமநாதபுரம் பக்கத்து வெல்டர். பின்னால் சூரியன் ஏறிக்கொண்டிருக்கும். கேமராவுக்கு அவர் முகம் வெறும் நிழலாகத் தெரியும். அவரைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினால் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அவர் இழந்துகொண்டிருந்தது அந்தப் பச்சை விளக்குக்குப் பின்னால் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது துபாயில் வேறொரு கம்பெனியில் அலுவலக வேலை. போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, "முகம் பார்த்து வருகை பதியும் ஆப் மூணு வந்திருக்கு. எது நல்லதுன்னு ஒப்பிட்டு ஒரு ரிப்போர்ட் கொடுங்க" என்றார். விலை, வேகம், ஏமாற்ற முடியுமா முடியாதா என்று விற்பனையாளர்களே அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பஞ்ச் அடிக்கிறவனுக்கு அதில் என்ன தெரியும் என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.

முதலில் கம்பெனி பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் கையெழுத்து போட்ட காலத்திலும் அட்டை பஞ்ச் அடித்த காலத்திலும் ஒருவன் நாலு பேருக்குச் சேர்த்து அடித்தது உண்டு. சில டைம் கீப்பர்களே காசு வாங்கிக்கொண்டு மணி ஏற்றியதும், பிடிக்காதவனுக்குக் குறைத்ததும் உண்டு. கைரேகை மெஷின் வந்தபோது, சிமெண்டில் வேலை செய்யும் கொத்தனாருக்கும் மார்பிள் தேய்ப்பவருக்கும் ரேகையே தேய்ந்துபோய் மெஷின் கையை விரித்தது. 2020இல் கொரோனா வந்தது. ஆயிரம் பேர் தொட்ட கண்ணாடியை யார் தொடுவார்கள்? இப்படித்தான் முகம் பார்க்கும் முறை வளைகுடா முழுக்கப் பரவியது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சந்தையில் இருப்பதை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, சுவரில் மாட்டும் கருவி. இசட்கேடெக்கோ, சுப்ரீமா, ஹிக்விஷன் எல்லாம் இந்த ரகம். இரண்டாவது, கேட்டில் ஒரு டேப்லெட்டை நிறுத்தி எல்லாரையும் வரிசையாகப் பதிவது. மூன்றாவது, ஆளாளுக்கு அவரவர் போனில் செல்ஃபி எடுத்து, இருக்கும் இடத்தோடு சேர்த்து அனுப்புவது. ஜிபிள், ட்ரூயின், சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் 'ஜோஹோ பீப்பிள்' போன்ற செயலிகள் கடைசி இரண்டு வகைகளில் வருகின்றன.

உள்ளே நடப்பது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் எடுத்த முகத்தைச் செயலி எண்களாக மாற்றி வைத்துக்கொள்ளும். தினமும் வரும் முகத்தையும் அப்படியே எண்ணாக்கி, இரண்டும் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கும். எவ்வளவு பொருந்தினால் 'சரி' என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார். அளவை இறுக்கினால் சொந்தக்காரனையே வெளியே நிறுத்தும். தளர்த்தினால் அடுத்தவனையும் உள்ளே விடும். போட்டோவைக் காட்டி ஏமாற்றாமல் இருக்கக் கண் சிமிட்டச் சொல்வதும், அகச்சிவப்புக் கேமரா வைப்பதும் உண்டு.

எல்லார் முகத்துக்கும் ஒரே நியாயம் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் 189 நிரல்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஒருவரை இன்னொருவர் என்று தவறாக ஏற்கும் பிழை, ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்களில் வெள்ளையர் முகங்களைவிடப் பல நிரல்களில் 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. ஆகவே விற்பனையாளர் '99 சதவீதம் துல்லியம்' என்று சொன்னால், யார் முகத்தில், எந்த வெயிலில் என்று கேட்க வேண்டும். குளிரூட்டிய ஷோரூமில் ஓட்டிக் காட்டும் டெமோ, ஜூலை மாதத்து சைட்டில் அப்படியே நடக்காது.

ஆனால் முகம் எடுக்காமல் போவது கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை. கத்தலாம், டைம் கீப்பரைக் கூப்பிடலாம். முகம் சரியாக எடுத்த பிறகு நடப்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

2022 நவம்பர் மாதச் சம்பளம் வந்த மறுநாள் அதே வெல்டர் ஒரு பாக்கெட் காலண்டரோடு வந்தார். ஓ.டி. பார்த்த நாட்களுக்கு எதிரே பேனாவால் குறித்திருந்தார். 24 நாள், தினம் 2 மணி நேரம், மொத்தம் 48. சம்பளச் சீட்டில் 30தான் இருந்தது. "மெஷின் தப்பு பண்ணாதுண்ணே, நீங்கதான் எங்கயோ கூட எழுதிட்டீங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காலண்டரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். மெஷின் தப்பு பண்ணவில்லைதான். ஒவ்வொரு நாளும் அவர் முகம் காலையும் மாலையும் நிமிடம் பிசகாமல் பதிந்திருந்தது. போர்மேன் லீவில் இருந்த 4 நாளும் ஓ.டி.க்கு 'அப்ரூவல்' அழுத்த ஆள் இல்லை. 8 மணி நேரம் போனது. மிச்சம் 20 நாளும், சைட்டில் 10 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் டீ இடைவேளை என்று அரை மணி நேரத்தைத் தானாகவே கழித்துக்கொள்ளும்படி யாரோ செட்டிங் போட்டிருந்தார்கள். அந்த டீயை யாரும் உட்கார்ந்து குடித்ததில்லை. அதில் 10 மணி நேரம் போனது.

அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹம். 30 நாளால், பிறகு 8 மணியால் வகுத்தால் மணிக்கு 5 திர்ஹம். ஓ.டி.க்கு 25 சதவீதம் கூட்டினால் 6.25. பதினெட்டு மணி நேரத்துக்கு 112 திர்ஹம் 50 ஃபில்ஸ். அவருக்கு அது கிடைத்தது, காலண்டர் இருந்ததால். அதே கேங்கில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் அதே செட்டிங்தான். "கேட்காதவனுக்கு ஏன் கிளறணும்?" என்று மேலிடத்தில் சொன்னார்கள். நானும் பைலை மூடிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கும் அமீரகத் தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. பொதுவாக ஓ.டி. நாளுக்கு 2 மணிக்கு மேல் கூடாது. கூடுதல் ஊதியம் குறைந்தது 25 சதவீதம். இரவு 10 முதல் காலை 4 வரை என்றால் 50 சதவீதம், ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. ரமலானில் தினமும் 2 மணி நேரம் குறைய வேண்டும். செயலியில் ரமலான் நேரத்தை மாற்ற யாராவது மறந்தால், அந்த 2 மணி ஓ.டி. காணாமல் போகும். சவூதியில் ஓ.டி.க்குக் கூடுதல் 50 சதவீதம். ஒரே கம்பெனிக்கு ரியாத்திலும் துபாயிலும் கிளை இருந்து, செயலியில் ஒரே கணக்கைப் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"அதான் டபிள்யூ.பி.எஸ். இருக்கே" என்பார்கள். 2009இல் அமீரகம் கொண்டுவந்த சம்பளப் பாதுகாப்பு முறை பெரிய நன்மை செய்தது, மறுக்க முடியாது. ஆனால் அது பார்ப்பது சம்பளம் பேங்குக்கு வந்ததா என்பதை. அந்தத் தொகைக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதைச் சொல்வது வருகைப் பதிவுதான். அங்கே மணி குறைந்தால், குறைந்த சம்பளம் சரியான தேதியில் ஒழுங்காக வந்து சேரும்.

முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியுமா? 2019 ஆகஸ்டில் சுப்ரீமாவின் 'பயோஸ்டார் 2' தளத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கைரேகைகளும் முகத் தரவுகளும் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2024 பிப்ரவரியில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், வருகைப் பதிவுக்கு முகத்தையும் கைரேகையையும் எடுப்பதை நிறுத்தும்படி செர்கோ லெஷர் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. 38 மையங்கள், 2,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள். அடையாள அட்டை போன்ற எளிய வழி இருக்கும்போது இது எதற்கு, வேண்டாம் என்று சொல்ல ஊழியருக்கு வழி எங்கே என்பதுதான் அங்கே கேள்வி. அமீரகத்திலும் 2021ஆம் ஆண்டின் 45ஆம் எண் தனிநபர் தரவுச் சட்டம், தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறவும் தவறைத் திருத்தக் கோரவும் உரிமை தருகிறது. ஆனால் விசா அவசரத்தில் நீட்டுகிற இடத்தில் எல்லாம் கையெழுத்து போடுகிறவருக்கு இது யார் சொல்லித் தெரியும்?

ஊரிலும் இதே கதைதான். நூறு நாள் வேலைக்குப் போன அம்மாவை 2023 ஜனவரி முதல் நாளுக்கு இரண்டு முறை செயலியில் போட்டோ எடுத்தார்கள். சிக்னல் இல்லை, போட்டோ ஏறவில்லை என்றால் அன்றைய கூலிக்கு அலைய வேண்டியிருந்தது. ஆனால் போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றும் முறைகேடு நடக்கிறது என்று மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025இல் மாநிலங்களுக்கு எழுதியது. திருடுகிறவன் வழி கண்டுபிடித்துவிட்டான், மண்வெட்டியோடு நின்ற அம்மாதான் மாட்டிக்கொண்டாள்.

ஆகவே என் ரிப்போர்ட்டில் விலைக்கும் வேகத்துக்கும் முன்னால் ஐந்து கேள்விகளைப் போட்டேன்.

1. பஞ்ச் அடித்தவருக்கு அப்போதே நேரம் தெரிகிறதா? மாதக் கடைசியில் அவருடைய மணிக் கணக்கு அவர் கைக்கு வருமா, அவருக்குப் புரியும் மொழியில்?

2. இடைவேளைக் கழிவு, நிமிடங்களை முழுமையாக்குவது, ஓ.டி. அப்ரூவல் இவை எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன? 7:03க்கு வந்தால் 7:15 என்றும், 6:10க்குப் போனால் 6:00 என்றும் எழுதினால் அது ஒரு பக்கமாகச் சாயும் தராசு.

3. முகம் எடுக்காவிட்டால் மாற்று வழி என்ன? அதற்காகச் சம்பளம் பிடிபடுமா?

4. யாராவது நேரத்தைத் திருத்தினால், யார், எப்போது திருத்தினார்கள் என்று பதிவாகிறதா? அது தொழிலாளிக்கும் தெரிகிறதா?

5. ஆள் விசா கேன்சல் செய்து ஊருக்குப் போனபின் அவர் முகத் தரவு எப்போது அழிக்கப்படும்?

மூன்று செயலிகளில் முதல் கேள்விக்கான வசதி இரண்டில் ஏற்கனவே இருந்தது. ஆனால் அது 'ஆஃப்' என்றே வரும், நிர்வாகி நினைத்தால்தான் தெரியும். மேனேஜர், "இதத் தொறந்து விட்டா தினமும் சண்டைக்கு வருவாங்களே" என்றார். ஒரு மாதம் திறந்து பார்ப்போம் என்று கேட்டு வாங்கினேன். ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பேர் சொன்னது சரி. அதற்குப் பிறகு அவர் அதை மூடச் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் இரண்டு வகை ஆட்கள் இருப்பீர்கள். சைட்டில் நிற்பவர்களுக்கு: உங்கள் மணியை நீங்களும் எழுதி வையுங்கள். கம்பெனி பஸ்ஸில் போகிற நேரம் பொதுவாக வேலை நேரத்தில் சேராது, எனவே கேம்ப் கேட் பஞ்சா, சைட் கேட் பஞ்சா, எது கணக்கில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தால் முதலில் ஆபீசில் கேளுங்கள். நடக்காவிட்டால் அமீரகத்தில் மனிதவள அமைச்சகத்தின் 80084 எண் இருக்கிறது. 2024இல் செய்த திருத்தத்தின்படி வேலை முடிந்து இரண்டு ஆண்டு வரை வழக்குக்கு இடமுண்டு.

இன்னொரு வகை, இங்கேயே பிறந்து வளர்ந்து, படித்து, இன்று ஹெச்.ஆரிலும் ஐ.டி.யிலும் உட்கார்ந்து இந்தச் செயலிகளைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளைகள். உங்கள் அப்பாவிடமும் ஒரு பாக்கெட் காலண்டர் இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். அதில் அவர் எழுதியதைச் செயலியிலும் அவருக்குத் தெரியும்படி வைக்க ஒரே ஒரு செட்டிங்தான் வேண்டும். அதை 'ஆன்' செய்கிற இடத்தில் இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.