பின்னறையில் ஒரு பாட்டு

எம்மவர்களின் இசை நிகழ்ச்சி என்றால் அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆறு மணி என்று நோட்டீசில் போட்டிருந்தால் ஏழரைக்குத்தான் மங்கள விளக்கு. பிறகு வரவேற்புரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை. அதன்பின் இந்தியாவில் இருந்து வந்த பாடகர் சினிமாப் பாட்டுப் பாடுவார். ஸ்பீக்கர் நெஞ்சை இடிக்கும். பிள்ளைகள் மண்டபத்துக்கு வெளியே ஓடித் திரிவார்கள். பெரியவர்கள் ரோல்ஸ் வாங்க வரிசையில் நிற்போம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் முகங்களைக் காண அதுவும் வேண்டும். ஆனால் நாம் வந்து குடியேறியிருக்கும் இந்த நாட்டுச் சனம் தங்களுடைய பாட்டை எங்கே, எப்படிக் கேட்கிறார்கள் என்று எம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

நாங்கள் நாலு பேர். வட இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு பாண் பக்டரியில் இரவு வேலை. படிப்பு என்று பெரிதாக இல்லை. ஓ.எல். வரை போனவர்களும் உண்டு, அதற்கு முதலே இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தை விட்டவர்களும் உண்டு. கடந்த ஒரு வருடமாக வேலையில்லாத இரவுகளில் நாங்கள் தேடித் தேடிப் போய்க் கேட்ட பாட்டுக்களைப் பற்றித்தான் இக்கட்டுரை. புதிதாக வந்திருக்கும் எமது குடும்பங்களுக்கு இதில் உதவக்கூடிய சேதிகளும் இருக்கும் என்று நம்புகிறோம்.

பெரிய கொம்பனி இல்லாத பாட்டு

இங்கே 'இண்டி' என்று ஒரு வகைப் பாட்டைச் சொல்வார்கள். இண்டிப்பெண்டன்ற் என்பதன் குறுக்கம் அது. பெரிய இசைத்தட்டுக் கொம்பனிகளை நம்பியிராமல், 1970களின் கடைசியில் இளைஞர்கள் பலர் சின்னச் சின்னக் கொம்பனிகளைத் தாங்களே தொடங்கிப் பாட்டுக்களை வெளியிட்டார்கள். 1978இல் மான்செஸ்டரில் தொடங்கிய ஒன்றுக்குப் பெயரே 'பக்டரி றெக்கோர்ட்ஸ்'. அதைக் கேட்டு எங்களுக்கு ஒரே சிரிப்பு. நாங்களும் பக்டரிக்காரர்தானே! இப்போது கிற்றாரும் ட்றம்ஸும் வைத்து வாசிக்கும் இந்த வகைப் பாட்டு முழுவதற்குமே இண்டி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரும்புத் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டில் இருந்து வந்த ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் அல்பம் 2006இல் வந்தபோது அதை வெளியிட்டதும் டொமினோ என்ற இத்தகைய கொம்பனிதான்.

இதில் எம்மவர் பெயரும் உண்டு. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பியவர். 'அருளர்' என்று தகப்பனாரின் புனைபெயரையே வைத்து அவர் 2005இல் கொண்டுவந்த முதல் அல்பத்தை எக்ஸ்.எல். என்ற சுயாதீனக் கொம்பனி வெளியிட்டது. அந்த வருடத்து மேர்க்கரி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆகவே இந்தக் கதவு எங்களுக்குப் பூட்டியது என்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

லீட்ஸில் புறூடனல் சோஷல் கிளப் என்று ஓர் இடம் இருக்கிறது. 1913இல் தொழிலாளர் கழகமாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்கள் பின்னேரங்களில் கூடியிருக்கவென்று இங்கிலாந்து முழுவதும் இப்படிக் கழகங்கள் அமைத்தார்கள். இன்று அதே கழகத்தில் ஊர் ஊராக வரும் இண்டிக் குழுக்கள் வாசிக்கின்றன. உள்ளே போனால் ஆடம்பரம் எதுவும் இல்லை. மேடையும் உயரமில்லை. பாடுகிறவரின் வியர்வை தெரியும் தூரத்தில் நாங்கள் நின்றோம். ஆம், நின்றுதான் கேட்க வேண்டும். இரண்டாவது குழுவின் பாட்டுக்கள் வாடகையைப் பற்றியும் கடைசி பஸ்ஸைப் பற்றியும் இருந்தன. எங்களுக்குப் பாதி ஆங்கிலம் விளங்கவில்லை. ஆனால் விளங்கிய பாதி எங்கள் சீவியத்தைப் போலவே இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் பாடகர்கள் எங்கும் ஓடி ஒளியவில்லை. வாசல் மேசையில் தாங்களே ரீசேட்டும் இசைத்தட்டும் விற்றுக்கொண்டு நின்றார்கள். ட்றம்ஸ் வாசித்த பெடியனுடன் கதைத்தோம். பகலில் ஒரு சாமான் கிடங்கில் வேலையாம். நாங்கள் இரவு ஷிப்ட் என்றதும், "கால் நோவுக்கு என்ன சப்பாத்துப் போடுகிறீர்கள்?" என்று கேட்டான். வேறு எந்தப் பாடகன் எங்களிடம் இப்படிக் கேட்கப் போகிறான்?

இப்படியான சிறிய இடங்கள் இந்நாட்டில் குறைந்துகொண்டு போவது கவலைக்குரியது. இவற்றுக்காக 2014இல் தொடங்கிய மியூசிக் வெனியூ ட்றஸ்ட் என்ற அமைப்பின் கணக்குப்படி, 2023ஆம் வருடத்தில் மட்டும் 125 இடங்கள் மூடப்பட்டன அல்லது இசை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டன. வாடகை, மின்சாரச் செலவு எல்லாம் ஏறிவிட்டன. ஒரு ரிக்கற் வாங்கினால் நாமும் ஒரு விளக்கை எரிய வைத்த மாதிரி.

கேட்க வந்தவரும் பாடும் இடம்

ஃபோக் என்று இவர்கள் சொல்வது எங்கள் நாட்டார் பாட்டுப் போன்றது. பக்டரியில் எங்களுடன் போர்க்லிஃப்ட் ஓட்டும் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் துருத்தி போன்ற மெலோடியன் என்ற வாத்தியம் வாசிப்பார். அவர்தான் எங்களை ஃபோக் கிளப்புக்குக் கூட்டிப் போனார். கிளப் என்றதும் மின்னல் வெளிச்சமும் ஆட்டமும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பப்பின் பின்னறை, முப்பது கதிரை, அவ்வளவுதான். பப் என்றால் குடிகாரர் போகிற இடம் என்று எம்மவரிடையே ஓர் எண்ணம் உண்டு. அந்த அறையில் எலுமிச்சைச் சோடாவோடு மூன்று மணித்தியாலம் இருந்த ஆட்களைத்தான் நாங்கள் கண்டோம். மைக் இல்லை. பாட்டு நடக்கும்போது யாரும் கதைப்பதில்லை, கிளாஸைக்கூட மெதுவாகத்தான் வைப்பார்கள். இடைவேளையில் ஒரு ரஃபிள் சீட்டிழுப்பு நடக்கும்.

முக்கியமான விசயம், அங்கே பாடகர் என்று தனியாக ஒருவர் இல்லை. வாரத்துக்கு வாரம் ஒழுங்கு மாறும். சில இரவுகளில் வெளியூரில் இருந்து விருந்தினர் வருவார். மற்ற இரவுகளில் வந்தவர்களே ஒவ்வொருவராக எழும்பிப் பாடுவார்கள். ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவர் பாடினார், பஸ் சாரதி பாடினார். குரல் உடைந்தாலும் யாரும் சிரிப்பதில்லை. பல்லவி வரும்போது முழு அறையும் சேர்ந்து பாடும், அதுவும் மேல் கீழாகச் சுருதி பிரித்து. எங்களைப் போல ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு இல்லை. மூன்றாம் தரம் பல்லவி வரும்போது சொற்கள் தாமாகவே வாயில் வந்துவிடுகின்றன.

இந்தப் பாட்டுக்கள் பல எங்களைப் போன்ற சனத்தின் பாட்டுக்கள். நெசவாளர், சுரங்கத் தொழிலாளர், மீனவர், படைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் எல்லோரும் அதில் வருவார்கள். இவான் மக்கோல் என்ற பெயரை அங்கே அடிக்கடி கேட்கலாம். 1915இல் சல்ஃபோர்ட் நகரில் இரும்பு வார்க்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். தன் அழுக்கு ஊரைப் பற்றி 1949இல் அவர் எழுதிய 'டேர்ட்டி ஓல்ட் டவுன்' என்ற பாட்டை இன்றும் ஊரே பாடுகிறது.

இன்றைய அகதிகளும் இந்தப் பாட்டுக்களில் இருக்கிறார்கள். டீஸைட் பகுதியைச் சேர்ந்த 'த யங்அன்ஸ்' என்ற மூவர் பதின்ம வயதில் ஒரு பப்பின் பின்னறையில் ஃபோக் கிளப் நடப்பதைக் கண்டு பாடத் தொடங்கியவர்கள். 2017இல் வந்த அவர்களுடைய 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' அல்பத்தில், ஒரு பஸ்ஸைச் சமையலறையாக மாற்றி ஐரோப்பாவில் அகதிகளுக்குச் சமைத்துக் கொடுத்த ஒருவரைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அடுத்த வருடம் பி.பி.சி. ஃபோக் விருதுகளில் சிறந்த அல்பம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது.

கயிறு இழுப்பும் வலை இழுப்பும்

ஒருநாள் இரவு ஒரு கூட்டம் கப்பல்காரர் பாட்டுப் பாடியது. பாய்க்கப்பல் காலத்தில் கயிறு இழுக்கப் பாடிய பாட்டு. ஒருவர் ஒரு வரி பாடுவார், மற்றவர்கள் பதில் வரி பாடும்போது எல்லோரும் ஒன்றாக இழுப்பார்கள். நேதன் எவன்ஸ் என்ற ஸ்கொட்லாந்துத் தபால்காரர் இந்த மாதிரி ஒரு பழைய பாட்டைப் போனில் பாடிப் போட, அது உலகம் முழுவதும் பரவி 2021இல் இந்நாட்டுப் பாட்டு வரிசையில் முதலிடத்துக்கே போனது.

எங்களில் ஒருவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். அவர் மெல்ல, "அண்ணை, இது எங்கட அம்பா அல்லோ?" என்றார். கரைவலை இழுக்கும்போது சம்மாட்டியின் ஆட்கள் பாடும் அம்பாப் பாட்டும் இதே அமைப்புத்தான். ஒருவர் தொடங்க, மற்றவர்கள் பதில் சொல்லி இழுப்பார்கள். போர்க்லிஃப்ட்காரர் அதை அறை முழுவதற்கும் சொல்லிவிட்டார். பாடச் சொல்லிக் கேட்டார்கள். முதலில் மறுத்தவர் பிறகு எழும்பினார். நாங்கள் மூவரும் பதில் பாடினோம். இரண்டாம் தரம் வெள்ளைக்காரரும் சேர்ந்தார்கள். மூன்றாம் தரம் முன்வரிசையில் இருந்தவர்கள் இல்லாத வலையைக் கையால் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கைதட்டல் முடிந்ததும் ஒரு மூதாட்டி, "மிச்ச வரிகளையும் பாடுங்களேன்" என்றார். அவருக்கு நாலு வரிதான் தெரியும். தகப்பனுக்கு விடிய விடியப் பாடத் தெரியும். தகப்பன் 2009இல் போய்விட்டார். அதே வலையை இழுத்த மற்றவர்களில் யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. இதை நாங்கள் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது அறையில் ஒருவரும் கதைக்கவில்லை.

போனவர்கள் காப்பாற்றிய பாட்டு

வீட்டுக்கு வரும் வழியில் போர்க்லிஃப்ட்காரர் ஒரு கதை சொன்னார். பிறகு நாங்களும் வாசித்து அறிந்தோம். நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்துச் சனத்தின் பாட்டும் இப்படித்தான் அழியும் நிலையில் இருந்தது. 1903இல் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் சமசெற் பகுதியில் ஹாம்பிறிட்ஜ் என்ற கிராமத்தில் ஜோன் இங்கிலண்ட் என்ற தோட்டக்காரர் வேலை செய்தபடி பாடுவதைக் கேட்டார். உடனே எழுதி எடுத்தார். அன்று தொடங்கிய தேடல் அவர் சாகும்வரை நிற்கவில்லை. ஐயாயிரத்துக்குக் கிட்டிய மெட்டுக்களைச் சேர்த்தார். லண்டன் கம்டனில் அவர் பெயரில் 1930இல் திறந்த வீட்டில் இன்றும் பாட்டு நூலகம் இருக்கிறது.

எங்களைத் தொட்டது இதன் இரண்டாம் பாதி. 1916க்கும் 1918க்கும் இடையில் ஷார்ப், மோட் கார்ப்பலிஸ் என்ற பெண்மணியுடன் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்குப் போனார். தலைமுறைகளுக்கு முன் பிரித்தானியாவில் இருந்து போய்க் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருந்தார்கள். தாய்நாட்டில் அருகிப்போன பழைய பாட்டுக்கள் பலவற்றை அந்த ஏழைச் சனம் வீட்டில் பாடிப் பாடியே வைத்திருந்தது. அந்தப் பாட்டுக்களை ஷார்ப் அவர்களின் வாயில் இருந்துதான் எழுதினார்.

நாமும் போனவர்கள்தான். அம்பா, தாலாட்டு, அரிவு வெட்டுப் பாட்டு, கூத்துப் பாட்டு எல்லாம் எங்கள் வீடுகளில் யாரோ ஒருவருக்கு நாலு நாலு வரியாகத் தெரிந்திருக்கும். அந்த ஆள் போனால் அந்த நாலு வரியும் போய்விடும்.

போக விரும்புகிறவர்களுக்கு

ஃபோக் கிளப்புக்கு நாங்கள் கொடுத்தது ஆளுக்கு ஐந்து பவுண். இண்டி நிகழ்ச்சிக்குப் பதினைந்து பவுண் வரை போனது. பப்புகளில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றியிருந்து வாசிக்கும் 'செஷன்' என்ற கூட்டத்துக்குக் காசே இல்லை. பக்கத்தில் ஒரு கோப்பியோடு இருந்து கேட்கலாம். ஒருவரும் குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் முதலே போன் எடுத்து வயதுக் கட்டுப்பாட்டைக் கேளுங்கள், இடத்துக்கிடம் வேறுபடும். இண்டி நிகழ்ச்சிக்குக் காதில் வைக்கும் அடைப்பான் கொண்டு போவது நல்லது. ரிக்கற்றில் போடுவது கதவு திறக்கும் நேரம், பெரிய குழு ஒன்றரை இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வரும். கடைசி பஸ்ஸை முதலே பார்த்து வையுங்கள். பாட்டு நடக்கும்போது உள்ளே போகாமல், கைதட்டும்வரை வாசலில் நில்லுங்கள். பாடக் கேட்டால் தமிழில் பாடுங்கள். அவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

எங்கள் முல்லைத்தீவு நண்பர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஊரில் இருக்கும் அத்தைக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுக்கிறார். அத்தை கரையில் மீன் பொறுக்கியபோது கேட்டதை ஞாபகப்படுத்திச் சொல்கிறார், இவர் போனில் பதிகிறார். நாலு வரி பதினொன்றாகியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஓர் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், இந்த ஞாயிறே பக்கத்தில் இருந்து ஒரு பாட்டைக் கேட்டுப் பதிந்து வையுங்கள். யாருடைய பாட்டு, எந்த ஊர், என்ன வேலைக்குப் பாடியது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட இருத்துங்கள். பதில் வரி பாட ஆட்கள் வேண்டும்.