பழச் சீவலும் தேயிலை இல்லாத தேநீரும்

வீட்டில் ஒரு வாழைத்தார் பழுக்கத் தொடங்கினால் எல்லாருக்கும் அவசரம்தான். பழுக்கும் பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பக்கத்துப் பழத்தையும் பழுக்கத் தூண்டுகிறது. தின்று தீர்ப்பதற்குள் பாதித் தார் கறுத்துவிடும். மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கத்து வாழை உழவர்களுக்கோ இது வண்டிக்கணக்கில் வரும் கவலை. பழத்தைக் காப்பாற்ற வழி உண்டா?

சூலூரிலிருந்து கிழக்கே காங்கேயம் பக்கம் போய்ப் பாருங்கள். உடைத்த தேங்காய்கள் களம் நிறையக் காய்ந்துகொண்டிருக்கும். தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். அது 100க்கு 6 பங்காகக் குறைந்தால்தான் நல்ல கொப்பரை. அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் அஃப்ளடாக்சின் என்ற கொடிய நஞ்சை உண்டாக்குபவை. பூத்த இடத்தைச் சுரண்டி எறிந்தாலும் நஞ்சு முழுவதும் போகாது. பூஞ்சணம் வளர நீர் வேண்டும். ஆகவே, நீரை வெளியேற்றுவதே வழி.

உரித்த வாழைப்பழம் 1 கிலோவில் சுமார் 750 கிராம் நீர்தான்! பத்தில் ஒரு பங்கு ஈரம் மட்டும் இருக்கும்படி உலர்த்தினால் மிஞ்சுவது ஏறக்குறைய 280 கிராம். வெயில் மட்டும் போதாது. எழும் ஆவியை அள்ளிப் போகக் காற்றும் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றில் ஈரத் துணி எவ்வளவு விரைவில் உலர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இனிப்பான பழத்தை இரண்டு மூன்று நாள் வெளியில் வைத்தால் ஈ மொய்க்கும், புளித்தும் போகும். அதனால் மின் அடுப்பு (ஓவன்) நல்லது. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழுத்தும் கெட்டியாக உள்ள நேந்திரன் அல்லது நீலகிரிப் பேரிக்காயை 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். உடனே எலுமிச்சைச் சாறு தடவுங்கள். வெட்டிய பழத்தைக் கறுக்க வைக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடும். தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, சுமார் 100 டிகிரி சென்டிகிரேடில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இடையில் ஒருமுறை புரட்டுங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேற்புறம் தோல்போல இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். வெளியே எடுத்ததும் சீவல் துவண்டிருக்கும், கலங்க வேண்டாம். சூட்டில் இளகிய சர்க்கரை ஆறியதும் கண்ணாடிபோல் இறுகும். அப்போதுதான் மொறுமொறுப்பு! கடையில் வாங்கும் நேந்திரன் சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். இதில் எண்ணெயே இல்லை. ஆனால் சர்க்கரை செறிந்திருக்கிறது, வைட்டமின் ‘சி’யில் ஒரு பகுதி சூட்டில் அழிந்திருக்கிறது. ஆகவே கைப்பிடியளவு போதும்.

சீவலைக் கண்ணாடிப் புட்டியில் ஒருநாள் மூடி வையுங்கள். உட்புறம் நீர் முத்து கோத்தால் மறுபடி உலர்த்த வேண்டும்.

சுக்குக் காபிக்குக் காபிக்கொட்டை தேவையில்லை அல்லவா? பழத் தேநீரும் அப்படித்தான். தேயிலை இல்லை, கேஃபீனும் இல்லை. உலர்த்திய அன்னாசி நடுத்தண்டு, பேரிக்காய்த் தோல், சில செம்பருத்தி இதழ்கள் ஆகியவற்றின்மேல் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மூடாவிட்டால் மணம் பறந்துவிடும். எலுமிச்சை பிழிந்ததும் ஊதா கலந்த சாறு பளிச்சென்று சிவக்கும். வேறு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துச் சமையல் சோடா போட்டுப் பாருங்கள். பச்சையாக மாறும்! அதைமட்டும் குடிக்க வேண்டாம்.